இன்ஃபினிட்டிக்கு அஞ்சு பேரு எதுக்கு?

சின்ன எழுத்துல இன்ஃப். அதையே பெரிய எழுத்துல ஆரம்பிச்சா இன்னொன்னு. முழுசா நீட்டி எழுதினா இன்ஃபினிட்டி. லேட்டெக்ஸ்ல அடிக்கிற மாதிரியே ஒரு இன்ஃப்டி. "பாசிட்டிவ்"ங்கிறதுக்காக முன்னாடி ஒரு பி சேர்த்து பின்ஃப்.

அஞ்சும் ஒரே மதிப்பு தான். நம்பை லைப்ரரில இந்த அஞ்சு பேரும் வருஷக்கணக்கா கூடவே இருந்துச்சு.

பைத்தான்ல கணக்கு போடுற யாரும் நம்பையைத் தொடாம இருக்க முடியாது. பாண்டாஸ், சைபை, சைகிட்-லேர்ன் எல்லாத்துக்கும் அடியில அது தான் உக்காந்திருக்கு. நான் தினமும் புழங்குற சாமான். அதனால தான் இந்த விஷயத்துல இவ்ளோ அக்கறை. சில நாள் இவ்ளோ கோபம்.

இந்த வாரம் கோபம்.

பழைய கோடு ஒன்னை நம்பை 2-க்கு மாத்திட்டு இருக்கோம். பல பேர் கை பட்ட கோடு. ஒரே ஃபைல்ல மேல பெருக்கலுக்கு "ப்ராட்"னு இருக்கு, கீழ "ப்ராடக்ட்"னு இருக்கு. ஒரு இடத்துல "ஆல்", கொஞ்சம் தள்ளி "ஆல்ட்ரூ". எழுதினவங்க மேல எந்தக் குறையும் இல்ல. லைப்ரரி ரெண்டையும் நீட்டுச்சு, ஆளுக்கு ஒன்னு எடுத்துக்கிட்டாங்க. ஆனா பின்னாடி வந்து படிக்கிறவங்க அந்த இடத்துல நின்னுடுறாங்க. "இங்க மட்டும் ஏன் வேற பேரு? ஏதோ காரணம் இருக்கணுமே?"

காரணமே இல்லைன்னு உறுதி பண்ணிக்கத் தான் பாதி நாள் போகுது.

இவ்ளோ பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா கோபம் கொஞ்சம் ஆறும். நம்பைக்கு முன்னாடி நியூமெரிக்னு ஒன்னு இருந்துச்சு, 1995-ல ஜிம் ஹுகுனின் ஆரம்பிச்சது. அப்புறம் ஹப்பிள் தொலைநோக்கியோட ஆய்வுப் பணிகளைப் பார்த்துக்கிற ஸ்பேஸ் டெலஸ்கோப் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல இருந்து நியூம்அரேன்னு இன்னொன்னு வந்துச்சு, பெரிய பெரிய படங்களை வேகமாக் கையாளணும்னு. பயனாளர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. 2005-ல ட்ராவிஸ் ஆலிஃபன்ட் உக்காந்து ரெண்டையும் சேர்த்தார். 2006-ல நம்பை 1.0.

ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பழைய கோடை அதிகம் மாத்தாம வந்து சேரணும்னா என்ன பண்றது? பழைய பேரையெல்லாம் விட்டு வைக்கணும். ப்ராடக்ட், ஆல்ட்ரூ, சம்ட்ரூ இதெல்லாம் நியூமெரிக் காலத்துச் சொத்து. அன்னிக்கு அது சரியான முடிவுன்னு தான் நான் நினைக்கிறேன். அந்தப் பேரெல்லாம் இல்லாம இருந்திருந்தா இன்னிக்கு மூனு லைப்ரரி மூனு திசையில நின்னிருக்கும்.

நம்ம ஊர்லயே ஒருத்தருக்கு வீட்ல ஒரு பேரு, சர்டிஃபிகேட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேருன்னு இருக்கும். ஆள் ஒன்னு தான்னு தெரிஞ்சவரைக்கும் யாருக்கும் கஷ்டம் இல்ல. நம்பைல கஷ்டம் எப்போ வருதுன்னா, பேரைப் பார்த்தா ஒரே ஆள் மாதிரி இருந்து, உள்ள வேற வேற ஆளா இருக்கும்போது.

அதுக்கு எனக்குத் தெரிஞ்ச மோசமான உதாரணம் ஸ்டாக் குடும்பம்.

அரேக்களை ஒன்னோட ஒன்னு சேர்க்க நம்பைல எத்தனை வழி இருக்குன்னு பாருங்க: கான்கேட்டினேட், ஸ்டாக், வி-ஸ்டாக், ஹெச்-ஸ்டாக், டி-ஸ்டாக், ரோ-ஸ்டாக், காலம்-ஸ்டாக், பிளாக், அப்பெண்ட். (சதுர அடைப்புக்குறி போட்டுக் கூப்பிடுற குறுக்கு வழிகள் வேற ரெண்டு இருக்கு. அதை இங்க இழுக்கல.)

எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி கேட்டா: "அக்கா, ரோ-ஸ்டாக்கும் வி-ஸ்டாக்கும் ஒன்னே தான்னு செக் பண்ணிட்டேன். அப்போ காலம்-ஸ்டாக்கும் ஹெச்-ஸ்டாக்கும் ஒன்னு தானே?"

எவ்ளோ நியாயமான கேள்வி! அந்தப் பேரை வச்சவங்க தான் அப்படி யோசிக்க வைக்கிறாங்க. வரிசைக்கு ரெண்டு பேரு, ரெண்டும் ஒன்னு. அப்போ பத்திக்கு இருக்கிற ரெண்டு பேரும் ஒன்னா தானே இருக்கணும்?

இல்ல.

இந்த ரெண்டு அரேயை எடுத்துக்கோங்க:

[1, 2, 3]
[4, 5, 6]

ஹெச்-ஸ்டாக்ல கொடுத்தா வர்றது:

[1, 2, 3, 4, 5, 6]

காலம்-ஸ்டாக்ல கொடுத்தா வர்றது:

[[1, 4], [2, 5], [3, 6]]

முதல்ல வந்தது ஒரே நீட்டு வரிசை. ரெண்டாவது மூனு வரிசை, ரெண்டு பத்தி உள்ள அட்டவணை. சம்பந்தமே இல்ல.

இதுல இன்னொரு சிக்கல். இதே ரெண்டு ஃபங்ஷனுக்கும் இரட்டைப் பரிமாண அரே கொடுத்துப் பாருங்க. ரெண்டும் ஒரே விடை தரும்! அட்டவணை வடிவத்துல டேட்டா வச்சு டெஸ்ட் பண்றவங்களுக்கு வித்தியாசம் கண்ணுலயே படாது. என்னைக்கோ ஒரு நாள் ஒத்தைப் பரிமாண அரே உள்ள வரும்போது தான் தெரியும். அப்போ கூட எரர் வராது. தப்பான வடிவத்துல ஒரு அரே அமைதியா அடுத்த ஃபங்ஷனுக்குள்ள போயிடும்.

நியாயமா சொல்லணும்னா, காலம்-ஸ்டாக்கோட விளக்கத்துல இது எழுதியிருக்கு. ஒத்தைப் பரிமாணம்னா முதல்ல பத்தியா மாத்துவேன், இரட்டைன்னா ஹெச்-ஸ்டாக் மாதிரியே சேர்ப்பேன்னு. ஆனா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கணும்னு யாருக்குத் தோணும்? ரோ-ஸ்டாக் கதையைக் கேளுங்க. பழைய வெர்ஷன்ல அதுக்கு ஹெல்ப் கேட்டா, வி-ஸ்டாக்னு தலைப்பு போட்டு வி-ஸ்டாக்கோட விளக்கம் அப்படியே வந்து நிக்கும். நான் யாரு, ஏன் இங்க இருக்கேன், என்னை எடுக்கலாமா வேணாமான்னு ரோ-ஸ்டாக் சார்பா ஒரு வரி கிடையாது.

என் கோபமெல்லாம் அந்த இல்லாத ஒரு வரி மேல தான். ஒரே வேலைக்கு ரெண்டு ஃபங்ஷன் இருக்கட்டும், பரவாயில்ல. "புதுசா எழுதுறீங்கன்னா அதை எடுங்க, இது பழைய கோடுக்காக இருக்கு"ன்னு டாக்குமென்டேஷன்ல ஒரு வரி வேணும். அவ்ளோ தான் கேக்குறேன்.

அந்த வரியை நல்லா எழுதின இடமும் நம்பைலயே இருக்கு. டாட் ஃபங்ஷனோட விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க. ரெண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கணும்னா மேட்மல் எடுங்க, இல்லேன்னா அட் குறி போடுங்க, அது தான் நல்லதுன்னு அதுவே சொல்லுது. தன் வேலைக்கு இன்னொருத்தரைக் கை காட்டுற ஃபங்ஷன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் அது. (அந்த அறிவுரையை எடுத்துக்கிறது நல்லது. இரட்டைப் பரிமாணத்துல டாட்டும் மேட்மல்லும் ஒன்னு. மூனு பரிமாணம் வந்தா விடையோட வடிவமே மாறிடும்.)

இப்போ ரேண்டம் பக்கம் வாங்க. இங்க கதை இன்னும் சிக்கல்.

0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண் வேணும். ரேண்டம்-சாம்பிள் இருக்கு. அதே வேலைக்கு ரேண்டம், ரேன்ஃப், சாம்பிள்னு இன்னும் மூனு பேரு. சாம்பிளோட விளக்கத்தைத் திறந்தா, இது ரேண்டம்-சாம்பிளோட மாற்றுப் பேரு, முழு விவரத்துக்கு அங்க போங்கன்னு சொல்லும். அங்க போனா, புது கோடுன்னா ஜெனரேட்டர்ங்கிற புது முறையோட ரேண்டமை எடுங்கன்னு சொல்லும். ரெண்டு படி இறங்கினா தான் வீடு வருது. அந்த விவரத்தை முதல் பக்கத்துலயே போட்டிருக்கலாமே?

அதுலயும் அந்த "சாம்பிள்"ங்கிற பேரு இருக்கே! பைத்தானோட சொந்த ரேண்டம் மாட்யூல்லயும் சாம்பிள்னு ஒன்னு இருக்கு. அது ஒரு லிஸ்ட்ல இருந்து சிலதை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். நம்பையோட சாம்பிளுக்கும் லிஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் 0-ல இருந்து 1 வரைக்கும் தசம எண்.

ரேண்ட்-இன்ட் அதை விட ஆபத்து. தாயக்கட்டை இல்ல, லூடோ கட்டை உருட்டுறதா வச்சுக்கோங்க, 1-ல இருந்து 6 வரை. பைத்தானோட ரேண்ட்-இன்ட்டுக்கு 1, 6னு கொடுத்தா 6-ம் விழும். நம்பையோட ரேண்ட்-இன்ட்டுக்கு அதே 1, 6 கொடுத்தா 6 விழவே விழாது. மேல் எல்லையை அது சேர்த்துக்காது. ஒரே பேரு, ஒரே ரெண்டு எண், வேற வேற கட்டை.

இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி சராசரி. சரியான கட்டையை ஆயிரக்கணக்கான தடவை உருட்டினா சராசரி 3.5 பக்கத்துல நிக்கும். 6 இல்லாத கட்டைன்னா 3 பக்கத்துல நிக்கும். எங்க சிமுலேஷன் கோடுல இந்த மாதிரி ஒரு டெஸ்ட் எப்பவும் இருக்கும். நம்பைலயே ஒரு காலத்துல மேல் எல்லையையும் சேர்த்துக்கிற ரேண்டம்-இன்டீஜர்ஸ்னு தனியா ஒன்னு இருந்துச்சு, அதை அப்புறம் வேணாம்னுட்டாங்க. 2019-ல 1.17 வெர்ஷன்ல வந்த புது ஜெனரேட்டர்ல இன்டீஜர்ஸ்னு ஒன்னே ஒன்னு தான். மேல் எல்லை வேணுமா வேணாமான்னு எண்ட்பாயின்ட்ங்கிற ஒரு ஆர்கியுமென்ட்ல நாமளே சொல்லிடலாம். இது தான் அழகு! ரெண்டு ஃபங்ஷன் வச்சுக் குழப்புறதுக்கு, ஒரு ஃபங்ஷன்ல கேள்வியை வெளிப்படையா கேட்டுட்டாங்க.

அப்போ பழைய ரேண்டத்தை ஏன் இன்னும் வச்சிருக்காங்க? அதுக்கு நல்ல காரணம் இருக்கு. சீட் எண் கொடுத்து ஓட்டின பழைய ஆராய்ச்சி முடிவுகள் அதே எண் வரிசையை நம்பி நிக்குது. அதைத் தொட்டா பழைய முடிவை திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாம போயிடும். இது தெரிஞ்சதும் அந்தப் பழைய ஃபங்ஷன்கள் மேல எனக்கு மரியாதையே வந்துடுச்சு.

சரி, இந்த மாதிரி ரெண்டு பேரு எதிர்ல வந்து நின்னா நாங்க என்ன பண்றோம்?

முதல் வேலை, ரெண்டும் ஒரே ஆளான்னு பைத்தான்கிட்டயே கேக்குறது. நடுவுல "இஸ்" போட்டு என்டர் தட்டினா போதும். ஏபிஎஸ்ஸும் அப்சல்யூட்டும் ஒன்னான்னு கேட்டா ட்ரூன்னு வரும். மாட், ரிமைண்டர்? ட்ரூ. அப்போ விஷயம் முடிஞ்சது, பிடிச்ச பேரை எடுத்துக்கலாம்.

மாட், எஃப்மாட்? ஃபால்ஸ். இப்போ தான் வேலை ஆரம்பம்.

ஃபால்ஸ் வந்துட்டா அடுத்த கேள்வி: எந்த இன்புட்ல இவங்க பிரியுறாங்க? 7-ஐ 3-ஆல வகுத்தா மீதி ரெண்டுலயும் 1 தான். -7 கொடுங்க. மாட் 2ன்னு சொல்லும், எஃப்மாட் -1ன்னு சொல்லும். பிரியுற இடம் கிடைச்சாச்சு, அதை அப்படியே ஒரு டெஸ்ட்டா எழுதி வச்சிடுவோம். பொதுவா பிரியுற இடம் எங்க ஒளிஞ்சிருக்கும்னு பழகப் பழகத் தெரிஞ்சிடும்: மைனஸ் எண், காலி அரே, ஒத்தைப் பரிமாணம், மூனு பரிமாணம், நடுவுல ஒரு "நான்" (எண்ணே இல்லைன்னு காட்டுற மதிப்பு). இந்த அஞ்சையும் கொடுத்துப் பார்த்தா பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுடும்.

டாக்குமென்டேஷன் கை விட்டா சோர்ஸைப் படிங்க. ஐபைத்தான்ல ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி ரெண்டு கேள்விக்குறி போட்டா, பைத்தான்ல எழுதினதா இருந்தா கோடே வந்துடும். நம்பைல நிறைய ஃபங்ஷன் உள்ள பார்த்தா சில வரி தான். வி-ஸ்டாக் என்ன பண்ணுது? எல்லாத்தையும் குறைஞ்சது இரட்டைப் பரிமாணம் ஆக்கிட்டு கான்கேட்டினேட்டைக் கூப்பிடுது. அப்பெண்டும் கடைசில கான்கேட்டினேட்டைத் தான் கூப்பிடுது! (பைத்தான் லிஸ்ட்டோட அப்பெண்ட் மாதிரி அதே இடத்துல சேர்க்காது. ஒவ்வொரு தடவையும் முழு அரேயையும் புதுசா காப்பி பண்ணும். லூப்புக்குள்ள போட்டா கோடு ஊர்ந்து போறதுக்கு அது தான் காரணம்.) இப்படி உள்ள போய்ப் பார்த்தா, வெளியில ஒன்பது பேரா தெரிஞ்சது பெரும்பாலும் ஒரு ஆளும் அவரோட உறவுக்காரங்களும் தான்னு புரியும்.

ஃப்ளோட் கதையைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க மனசு வராது.

நம்பைக்குள்ள ஃப்ளோட், இன்ட், பூல்னு பேரு இருந்துச்சு. பார்த்தா நம்பையோட சொந்த வகைன்னு தான் தோணும். உண்மையில அதெல்லாம் பைத்தானோட சாதா ஃப்ளோட், இன்ட், பூல் தான். நம்பை வழியா கூப்பிட்டா ஏதோ விசேஷம்னு நினைச்சு உலகம் முழுக்க எழுதினாங்க. இன்ட்ல தான் வலி. விண்டோஸ்ல அதை வச்சு அரே பண்ணா 32 பிட், லினக்ஸ்ல 64 பிட். எண் 214 கோடியைத் தாண்டினா ஒரு கம்ப்யூட்டர்ல சரியா வரும், இன்னொன்னுல மைனஸ்ல போய் நிக்கும். அந்தப் பேரைப் பார்த்து யாராலயும் இதை ஊகிக்க முடியாது. (விண்டோஸ்லயும் 64 பிட் ஆனது நம்பை 2-ல தான்.)

2021 ஜனவரில வந்த 1.20 வெர்ஷன்ல இந்தப் பேரை விடுங்கன்னு எச்சரிக்கை கொடுத்தாங்க. 2022 டிசம்பர்ல 1.24-ல எடுத்துட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டைம் கொடுத்தும் அன்னிக்கு இணையத்துல எவ்ளோ அலறல்! ஏன்னா எச்சரிக்கை வந்தா நிறைய பேர் முதல்ல பண்றது, எச்சரிக்கையை மறைக்கிற அந்த ஒரு வரியை ஃபைல் மேல போடுறது. தயவு செஞ்சு அதைப் போடாதீங்க. டெஸ்ட் ஓட்டும்போது எச்சரிக்கையை எரரா மாத்திடுங்க, பைடெஸ்ட்ல ஒரு ஆப்ஷன் தான். பேரு போகுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அப்புறம் பூல் மட்டும் 2.0-ல திரும்பி வந்துச்சு. ஆனா இப்போ அது நம்பையோட சொந்த பூல். அதே பேரு, முன்னாடி ஒரு பொருள், நடுவுல காணோம், இப்போ வேற பொருள். பழைய கோடைப் படிக்கும்போது எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு பார்க்காம பொருள் சொல்ல முடியாத ஒரு சொல் ஆயிடுச்சு அது.

2024 ஜூன்ல வந்த நம்பை 2.0 தான் 2006-க்கு அப்புறம் வந்த முதல் பெரிய வெர்ஷன். மேல் மட்டத்துல இருந்த பேருங்கள்ல சுமார் நூறை எடுத்தாங்க, ஒதுக்கினாங்க, இல்ல வேற இடத்துக்கு நகர்த்தினாங்க. இன்ஃபினிட்டிக்கு இருந்த அஞ்சுல நாலு போச்சு, சின்ன எழுத்து இன்ஃப் மட்டும் மிச்சம். ப்ராடக்ட், ஆல்ட்ரூ, சம்ட்ரூ போச்சு. ரோ-ஸ்டாக், இன்-ஒன்-டி, டிராப்ஸ் மூனுக்கும் எச்சரிக்கை ஒட்டினாங்க. லுக்ஃபார்னு ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு தெரியுமா? ஒரு சொல்லைக் கொடுத்தா எல்லா ஃபங்ஷனோட விளக்கத்துலயும் தேடிக் கொடுக்கும். ஃபங்ஷனைத் தேட ஒரு ஃபங்ஷன்! அதையும் எடுத்துட்டாங்க.

இந்த இடத்துல நம்பை ஆளுங்களை மனசாரப் பாராட்டணும். எடுத்த பேரைக் கூப்பிட்டா பெரும்பாலும் வெறும் "அப்படி ஒன்னு இல்ல"ன்னு சொல்லி நிறுத்தல. இது 2.0-ல எடுத்தாச்சு, இதுக்குப் பதிலா இதைப் போடுங்கன்னு எரர் மெசேஜ்லயே எழுதியிருக்காங்க. நான் கேட்ட அந்த ஒரு வரி! சரியா தேவைப்படுற நேரத்துல, தேவைப்படுற ஆள் கண்ணு முன்னாடி. ரஃப்னு ஒரு லிண்டர் இருக்கு, அதுல நம்பை 2-க்குன்னே தனி விதி இருக்கு, நிறைய இடத்துல அதுவே மாத்திக் கொடுத்துடும். எங்க வேலைல பெரும்பகுதியை அது தான் முடிச்சுது.

இவ்ளோ சுத்தம் பண்ண அதே 2.0-ல புதுசா சில மாற்றுப் பேரும் சேர்ந்திருக்கு. ஆர்க்காஸுக்கு இப்போ ஏகாஸ்னும் பேரு. பவருக்கு பவ். கான்கேட்டினேட்டுக்கு கான்கேட். முதல்ல பார்த்தப்போ எரிச்சல் தான் வந்துச்சு. ஆனா இதுக்கு உருப்படியான காரணம் இருக்கு. பல அரே லைப்ரரிகள் சேர்ந்து பொதுவா ஒரு ஸ்டாண்டர்ட் வச்சிருக்காங்க. அதுல இருக்கிற பேரை எல்லாரும் வச்சுக்கிட்டா, நம்பைக்கு எழுதின கோடு கூபை மாதிரி ஜிபியூல ஓடுற லைப்ரரிலயும் மாத்தாம ஓடும். விளக்கத்தோட வர்ற மாற்றுப் பேரை நான் ஏத்துக்கிறேன்.

எங்க டீம்ல இப்போதைக்கு கான்கேட்டினேட்டே இருக்கட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம். சில சர்வர்ல இன்னும் 1.26 ஓடுது, அதுல கான்கேட் கிடையாது. அந்த சர்வரெல்லாம் மாறின அன்னிக்கு இந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கலாம். ரோ-ஸ்டாக் கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு இப்பவே கான்கேட் பக்கம் தான் நிக்கிறா, டைப் அடிக்கச் சின்னதாம்.